மதுவிலக்குச் சட்டம் நீடிக்கும் மும்பையில் உள்ளூர் 'ஏல்' பீர் பிறந்தது எப்படி? தாராவி வழியாக ஒரு விளக்கம்

மும்பை: மகாராஷ்டிரத்தில் மதுவிலக்குச் சட்டம் இன்றளவும் நடைமுறையில் உள்ளது என்று கூறினால், மும்பையில் வசிப்போரே நம்பத் தயங்குவர். ஆனால் அது உண்மை. 1949ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பம்பாய் மதுவிலக்குச் சட்டம், மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம் எனப் பெயர் மட்டும் மாறி நீடிக்கிறது. அதன்படி மது வாங்கவும், வைத்திருக்கவும், அருந்தவும் 'பர்மிட்' எனப்படும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு நாள் சீட்டுக்கு நாட்டு மது என்றால் 2 ரூபாய், மற்ற வகை என்றால் 5 ரூபாய் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் கட்டணம். ஓராண்டுச் சீட்டு 100 ரூபாய். வாழ்நாள் சீட்டு 1,000 ரூபாய். மிதமான பீரும் ஒயினும் அருந்த 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். விஸ்கி, பிராந்தி போன்றவற்றுக்கு 25.

அதாவது, சட்டத்தின் பார்வையில் இங்கு குடிப்பது உரிமையன்று. தடையிலிருந்து வழங்கப்படும் விலக்கு.

இதே சட்டத்தின் நிழலில்தான் லோயர் பரேல், அந்தேரி போன்ற பகுதிகளில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே எஃகுக் கலன்கள் மின்ன, அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றப்படும் பீர் விற்பனையாகிறது. 'மைக்ரோ புரூவரி' எனப்படும் இந்தச் சிறு பீர் ஆலைகளின் வரவு மும்பைக்கு மிகவும் தாமதமானது. ஏன் தாமதம் என்று கேட்டால், விடையைத் தேடித் தாராவியின் பழைய சதுப்புநிலம் வரை செல்ல வேண்டியிருக்கிறது.

ஏல் என்பது எது?

செய்தி நிறுவனத் தமிழில் ஒரு வழக்கம் உண்டு. ஆங்கிலச் செய்தியில் பீர், விஸ்கி, சாராயம் என எது வந்தாலும் 'மதுபானம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மொழிபெயர்ப்பவருக்கு அது எளிது. வாசகருக்கோ அதனால் இழப்புதான். ஏனெனில் நம் பேச்சுத் தமிழ் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே அறிந்திருக்கிறது. புளித்துப் பொங்குவது கள். காய்ச்சி வடிப்பது சாராயம். பீர் கள்ளின் பக்கத்தைச் சேர்ந்தது. விஸ்கியும் பிராந்தியும் சாராயத்தின் உறவினர்.

பீருக்கு மூலப்பொருள் முளைகட்டிய பார்லி. முளைவிட்ட தானியத்தை உலர்த்தினால் கிடைப்பது மால்ட். அதை நொறுக்கி, ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு நீரை வடித்தெடுத்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைக்கின்றனர். கசப்பும் மணமும் அதிலிருந்து வருபவை. பின்னர் ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால், ஈஸ்ட் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. இட்லி மாவு பொங்குவதும் நுண்ணுயிர்களின் வேலைதான்.

ஏலும் லாகரும் பிரிவது ஈஸ்ட்டில். ஏல் ஈஸ்ட் சுமார் 18 முதல் 22 டிகிரி வரையிலான மிதமான வெப்பத்தில் சில நாள்களிலேயே வேலையை முடித்துவிடும். பழ வாசனை, மசாலா வாசனை எனப் பல மணங்களையும் விட்டுச் செல்லும். லாகர் ஈஸ்ட்டுக்குக் குளிர் வேண்டும். அதன் பிறகும் பீரை வாரக்கணக்கில் குளிரிலேயே கிடத்த வேண்டும். இந்தியக் கடைகளில் புட்டியில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை லாகர் வகையே.

பிரிட்டனில் 'உண்மை ஏல்' என்று ஒரு தனி வகை உண்டு. வடிகட்டாமல், சூடாக்கிக் கிருமி நீக்காமல், பரிமாறும் பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்கவிட்டு, வெளியிலிருந்து வாயு செலுத்தாமல் கைப்பம்பால் இறைத்துக் கொடுப்பது அது. பெரிய ஆலைகளின் ஒரே மாதிரியான பீர் அதை விழுங்கிவிடும் என்று அஞ்சி, 1971இல் 'கேம்ரா' என்ற நுகர்வோர் இயக்கமே தொடங்கப்பட்டது. நிலவறையின் 12 டிகிரிக் குளிரை நம்பியிருக்கும் அந்த முறை மும்பைப் புழுக்கத்துக்கு எளிதில் ஒத்துவராது. இங்கு பொதுவாகக் குளிரூட்டிய கலனிலிருந்து வாயு அழுத்தத்தில்தான் ஊற்றுகின்றனர். இருப்பினும் வடிகட்டாதது, கிருமி நீக்காதது, காய்ச்சிய இடத்திலேயே புதிதாகக் கிடைப்பது என்ற வகையில், மும்பையின் சிறு ஆலை பீர் அதற்கு நெருங்கிய உறவு.

முளைகட்டிய தானியத்திலிருந்து மது செய்வது தமிழருக்குப் புதிதன்று. சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் அரிசிக் கூழை ஆறவைத்து, நெல்முளையை இடித்துச் சேர்த்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிடும் செய்முறையே விவரிக்கப்பட்டுள்ளது. பார்லிக்குப் பதில் நெல், ஹாப்ஸ் இல்லை. மற்றபடி இன்றைய பீர் காய்ச்சுநர் படித்தால் உடனே புரிந்துகொள்வார்.

பம்பாய்க்கு வந்த கப்பல் பீர்

இன்று உலகெங்கும் சிறு பீர் ஆலைகளின் அடையாளமாக விளங்கும் 'இந்தியா பேல் ஏல்' வகையின் பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் லண்டனின் 'போ' பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் பீர், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் கல்கத்தா, மதராஸ், பம்பாய்த் துறைமுகங்களுக்கு வந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவர நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். ஹாப்ஸ் மிகுதியாகச் சேர்த்த பீர் அந்தப் பயணத்தைத் தாங்கியது. தாங்கியது மட்டுமன்றி, கப்பலின் ஆட்டத்திலும் வெப்பத்திலும் பக்குவமடைந்து சுவை கூடியது. 1820களில் பர்ட்டன் நகர ஆலைகள் போட்டிக்கு வந்து சந்தையைக் கைப்பற்றின.

இந்தியாவுக்கென்றே ஒருவர் இதைக் கண்டுபிடித்தார் என்று உலவும் கதையை வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை. முன்பே இருந்த ஒரு வகைக்கு இந்தியச் சந்தை புகழ் தேடித் தந்தது என்பதே சரி. மேலும், அதிகாரிகள் பேல் ஏல் அருந்தினாலும், சாதாரணச் சிப்பாய்களுக்கு வந்தது பெரும்பாலும் 'போர்ட்டர்' என்னும் கரிய பீர்தான்.

1850களில் எட்வர்ட் டயர் இமயமலை அடிவாரக் கசௌலியில் பீர் ஆலை அமைத்தார். ஜாலியன்வாலாபாக்கில் சுட உத்தரவிட்ட ஜெனரல் டயரின் தந்தை இவர். நீலகிரியிலும் பெங்களூரிலும் ஆலைகள் எழுந்தன. குளிர்ந்த மலைநகரம், படைமுகாம் என்று இருந்த இடங்களில்தான் பீர் காய்ச்சப்பட்டது. பம்பாய் குடித்ததெல்லாம் வெளியூர்ச் சரக்கு.

மதுவிலக்கில் முதலில் மறைவது பீர்

பம்பாயில் 1939இல் காங்கிரஸ் அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதலாக முயன்று பார்த்தது. விடுதலைக்குப் பின் உள்துறை அமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாய் காலத்தில் 1949ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. அதை எதிர்த்து பால்சாரா என்பவர் தொடுத்த வழக்கில், 1951இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியைச் செல்லும் என்றது. மருந்துகளிலும் வாசனைத் திரவியங்களிலும் உள்ள ஆல்கஹாலுக்குத் தடை செல்லாது என்று மட்டும் தளர்த்தியது. அன்று பம்பாய் மாகாணத்தில் இருந்த குஜராத், 1960இல் தனி மாநிலமான பிறகும் அதே சட்டத்தை இறுகப் பற்றி நிற்கிறது. மகாராஷ்டிரம் 1960களிலிருந்து படிப்படியாகப் பர்மிட் முறைக்குத் தளர்ந்தது.

அந்தத் தடைக்காலத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள எளிய கணக்கு போதும். பீரில் ஆல்கஹால் 5 சதவீதம். வடித்த சாராயத்தில் 40 சதவீதம் என்று கொள்வோம். ஒரு லிட்டர் சாராயத்தில் இருப்பதைப் பீராகக் கடத்த வேண்டுமானால் எட்டு லிட்டர் சுமக்க வேண்டும். ஒளித்து வைப்பவருக்கும் கடத்துபவருக்கும் எது லாபம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பீருக்குக் குளிர்ச்சியும் இடமும் நேரமும் தேவை. மறைவிடத்தில் மூன்றும் கிடையாது. ஆகவே மதுவிலக்கு வந்தால் ஒரு நகரத்தில் முதலில் மறைவது பீரும் கள்ளும். முதலில் முளைப்பது சாராய அடுப்பு.

தாராவி அப்போது மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்புநிலம். கோளி மீனவர்கள் முதலில் இருந்தனர். சௌராஷ்டிரத்திலிருந்து குயவர்கள் வந்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குத் தமிழர்கள் வந்தனர். அலையாத்திப் புதர்களும் சேறும் சூழ்ந்த, காவலர்கள் எளிதில் நுழைய முடியாத ஓரங்களில் சாராயம் வடிக்கப்பட்டது. வெல்லமும் நவச்சாரமும் அழுகிய பழங்களும் ஊறல் போட உதவின. வாகன டயர்களின் உள்குழாயில் நிரப்பி நகருக்குள் கொண்டுசென்றனர். நகரத்துக் குடியிருப்புகளில் பெண்கள் தங்கள் வீட்டு முன்னறையிலேயே ஊற்றிக்கொடுத்த இடங்களுக்கு 'ஆன்ட்டி பார்' என்று பெயர்.

இந்தத் தொழிலில்தான் வி.டி. ரயில் நிலையத்தில் சுமைதூக்கியாக வாழ்க்கையைத் தொடங்கிய வரதராஜ முதலியார் செல்வாக்குப் பெற்றார். மாட்டுங்கா ரயில் நிலையம் அருகே அவர் நடத்திய விநாயகர் சதுர்த்தி விழா ஊரறிந்தது. 1987இல் வெளிவந்த 'நாயகன்' திரைப்படத்துக்கு அவருடைய வாழ்க்கை தூண்டுகோலாக அமைந்தது. அதற்கு அடுத்த ஆண்டு அவர் சென்னையில் காலமானார். அந்தப் படத்துக்குப் பிறகு தாராவி என்றால் கடத்தலும் சாராயமும் என்ற சித்திரம் தமிழகத்தில் பதிந்துவிட்டது. அங்கு வாழ்ந்த பெரும்பாலோர் தோல், மண்பாண்டம், தையல் எனப் பிழைத்தவர்கள் என்பது அந்தச் சித்திரத்தில் இல்லை. தாராவியின் தமிழ்க் குடும்பங்கள் இரவில் ஆட்டிப் புளிக்கவைக்கும் மாவுதான், விடியலில் இட்லியாகி நகரத் தெருக்களுக்குப் போகிறது. அந்தச் சந்துகளில் புளித்ததில் பெரும்பகுதி இட்லி மாவு என்றுகூடச் சொல்லலாம்.

தடையின் மிகக் கொடிய விளைவு மெத்தனால். உண்ணத்தகுந்த தானியத்தையோ வெல்லத்தையோ புளிக்கவைத்தால் உருவாவது எத்தனால். மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படும் வேறொரு வேதிப்பொருள். மலிவானது, தோற்றத்தில் வேறுபாடு தெரியாதது. காய்ச்சும் சிரமம்கூட இல்லாமல் அதை நீரில் கலந்து விற்பவர்களால்தான் கூட்டமாகச் சாவுகள் நிகழ்கின்றன. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் பார்வையைப் பறிக்கிறது, பிறகு உயிரை. 2015 ஜூனில் மும்பை மலாடு பகுதியின் மால்வணியில் 100க்கும் மேற்பட்டோர் இப்படி மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர். இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மால்வணியிலும் கள்ளக்குறிச்சியிலும் சட்டப்படியான மதுக்கடைகள் அருகிலேயே இருந்தன. பாக்கெட்டின் விலைதான் குறைவாக இருந்தது.

2009க்குப் பிறகு

தடை தளர்ந்த பின்னும் சிறு ஆலைகள் வரவில்லை. உரிமக் கட்டணங்களும் விதிகளும் பெரிய தொழிற்சாலைகளை மனத்தில் கொண்டே எழுதப்பட்டிருந்தன. விலைக்கு ஏற்ற போதை என்ற கணக்கில், 8 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள 'ஸ்ட்ராங்' பீர் நாடெங்கும் சந்தையைப் பிடித்தது. பீரைச் சுவைக்காக அருந்துவது என்ற பழக்கம் வேரூன்ற இடமே இருக்கவில்லை.

2009இல் புனேயில் 'டூலாலி' தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் மைக்ரோ புரூவரிகளில் ஒன்று. ஜெர்மானியக் காய்ச்சுநர் ஆலிவர் ஷாஃப் அதன் கலன்களைப் பார்த்துக்கொண்டார். பெயருக்குப் பின்னே ஒரு கதை உண்டு. நாசிக் அருகே உள்ள தேவ்லாலியில் ஆங்கிலேயப் படையின் முகாம் இருந்தது. ஊர் திரும்பக் கப்பலுக்காக மாதக்கணக்கில் அங்கே காத்துக் கிடந்த சிப்பாய்களுக்குப் பித்துப் பிடித்ததாம். மராட்டியில் 'தாப்' என்றால் காய்ச்சல். 'தேவ்லாலி தாப்' என்பது ஆங்கிலச் சிப்பாய் வாயில் 'டூலாலி டேப்' ஆகி, கிறுக்கு என்ற பொருளில் அகராதியிலும் ஏறிவிட்டது. பீர் ஊற்றும் குழாய்க்கும் ஆங்கிலத்தில் 'டேப்' என்றே பெயர்.

மும்பைக்குள் முதலில் வந்தது லோயர் பரேலின் 'பார்க்கிங் டீர்'. கிரெகரி கிராய்ட்ஸ் என்ற அமெரிக்கர் நடத்திய அந்த இடம், உரிமத்துக்கு நெடுநாள் காத்திருந்து 2013இல் தன் சொந்த பீரை ஊற்றத் தொடங்கியது. 2014இல் டோம்பிவிலியில் ஆலை அமைத்த 'கேட்வே புரூயிங்', 'ஒயிட் ஜென்' என்னும் கோதுமை பீரைப் பீப்பாய்களில் நகரத்தின் உணவகங்களுக்கு அனுப்பியது. அதே ஆண்டில் 'ஒயிட் அவுல்' லோயர் பரேலுக்கு வந்தது. அடுத்த ஆண்டு 'டூலாலி' அந்தேரிக்கு. நூற்பாலைகள் மூடப்பட்ட நிலத்தில் இவற்றுள் சில எழுந்தன என்பதை மும்பையின் பழைய ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் கவனிக்கத் தவறியிருக்காது.

இந்த பீர்களில் மும்பைக்கு மிகவும் ஒத்துப்போனது 'ஹெஃபவைசன்' எனப்படும் ஜெர்மானியக் கோதுமை ஏல். கலங்கலாக, மென்மையாக இருக்கும், கசப்பு குறைவு. முதல் மிடறிலேயே வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் சேர்ப்பதில்லை; ஈஸ்ட் உண்டாக்கும் மணம் அது. 'பெல்ஜியன் விட்' வகையில் உண்மையாகவே ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் சேர்க்கின்றனர். ரசத்துக்குத் தனியா அரைத்த கை உள்ளவர்கள் அந்த மணத்தை உடனே அடையாளம் காண்பர். கருகும் வரை வறுத்த மால்ட்டில் காய்ச்சும் 'ஸ்டவுட்', மாட்டுங்கா உணவகங்களின் சர்க்கரை குறைந்த டிகிரி காபியை நினைவூட்டும். பருவத்துக்கேற்ப அல்போன்சா மாம்பழமும் கொங்கணத்துக் கோகமும் கலனுக்குள் போகின்றன. புனேயின் 'கிரேட் ஸ்டேட் ஏல்வொர்க்ஸ்' உப்பிட்ட கோகம் சேர்த்துக் காய்ச்சும் ஏல் அந்த வரிசையில் தனித்து நிற்பது. வெயில் காலத்துக் கோகம் சர்பத் பழகிய நாவுக்கு அது அந்நியமன்று. சுவை விஷயத்தில் கருத்து மாறுபடலாம்; மாம்பழ பீர் பல நேரங்களில் பழச்சாறாகவே நின்றுவிடுகிறது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

தண்ணீருக்கும் இதில் பங்குண்டு. பர்ட்டன் நகரத்தின் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி; பேல் ஏலின் கூர்மையான கசப்புக்கு அது உதவியது. மும்பைக்கு வருவதோ தான்சா, வைதர்ணா, பாத்சா ஏரிகளில் தேங்கும் மழைநீர், கடினத்தன்மை குறைந்தது. கோதுமை பீருக்கு அது நன்று. இந்தியா பேல் ஏல் காய்ச்ச வேண்டுமானால் ஜிப்சத்தை அளந்து சேர்க்க வேண்டும்.

இந்த பீர் நெடுநாள் தாங்காது என்பதுதான் அதன் சிறப்பும் பலவீனமும். 2020 ஊரடங்கில் விற்பனை நின்றபோது, நாட்டின் பல நகரங்களில் சிறு ஆலைகள் கலன்களில் இருந்த பீரைச் சாக்கடையில் திறந்துவிட நேர்ந்தது. புட்டியில் அடைத்த லாகர் கிடங்கில் காத்திருக்க முடிந்தது.

எட்டும் தூரம், எட்டாத விலை

தாராவியிலிருந்து லோயர் பரேல் சில கிலோமீட்டர்தான். செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் உள்ளூர் ரயிலிலேயே போய்வரலாம். ஆனால் ஒரு குவளைக்குச் சில நூறு ரூபாய் ஆகிறது. தகவல் தொழில்நுட்ப அலுவலகத்திலிருந்து வரும் செம்பூர்த் தமிழ் இளைஞருக்கு அது வார இறுதிச் செலவு; தாராவித் தோல் பட்டறைத் தொழிலாளிக்கு அன்றைய கூலியின் பெரும்பங்கு. அவருக்கு எஞ்சியிருப்பது நாட்டு மதுக்கடை, இல்லையேல் ஸ்ட்ராங் பீர் புட்டி. வலிமை குறைந்த, புதிதாகப் புளித்த, எங்கே யார் செய்தது என்று தெரிந்த பானம் ஒரு காலத்தில் உழைப்பாளியின் பானமாக இருந்தது. இன்று அது வசதி படைத்தோரின் விருப்பப் பொருள்.

தமிழகத்தில் இந்த முரண் இன்னும் கூர்மையானது. கள்ளும் ஏலைப் போலவே உள்ளூர்ப் பானம், இறக்கிய நாளிலேயே அருந்தாவிட்டால் புளித்துக் கெடும், ஆல்கஹாலும் குறைவு. அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை நீடிக்கிறது. டாஸ்மாக் கடைகளில் 42.8 சதவீத ஆல்கஹால் கொண்ட பிராந்தியும் ரம்மும் அரசாலேயே விற்கப்படுகின்றன. கள்ளில் கலப்படம் எளிது என்பது தடைக்குச் சொல்லப்படும் காரணம், அது பொய்யன்று. ஆனால் கேரளத்திலும் மகாராஷ்டிரத்திலும் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இயங்குகின்றன.

அருந்துவோருக்கு ஒரு கணக்கு: 5 சதவீத ஏல் அரை லிட்டரில் உள்ள ஆல்கஹால் 25 மில்லி. அது 60 மில்லி விஸ்கியில் உள்ளதற்கு ஏறக்குறையச் சமம். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் புட்டி 8 சதவீதமானால் 52 மில்லி. அதாவது அதைப் போல இரு மடங்கு. 'பீர்தானே' என்று வாகனத்தை எடுப்போர் இதை அறிந்திருப்பது நல்லது. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெரிவித்துள்ளது.

சிறு ஆலைக்கு முதன்முறையாகச் செல்வோர், முழுக் குவளை கேட்பதற்கு முன் சிறு கிண்ணங்களில் நான்கைந்து வகைகளை மாதிரி கேட்கலாம். பல இடங்களில் தருகின்றனர். எந்தக் கலன் புதிதாகத் திறக்கப்பட்டது என்று கேட்பதும் பயன் தரும். பர்மிட்டை மாநில கலால் துறையிடம் இணையவழியிலும் விண்ணப்பித்துப் பெறலாம். தமிழகத்திலிருந்து இரண்டு நாள் பயணமாக வருவோருக்கு, அருந்தும் நாளுக்கு ஒன்று வீதம் 5 ரூபாய்ச் சீட்டே போதும்.